முனை கடலுக்குள் இருந்த கயிறு

என் மனைவி கல்யாணமான நாள் முதல் என்னிடம் வாய் திறந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான். கம்மல் கேட்கவில்லை, புடவை கேட்கவில்லை. கடலைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள்.

நான் அப்போது முள்ளிப்பட்டில் ஒரு முதலாளிக்குப் பட்டு நெய்துகொண்டிருந்தேன். தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்துவிட்டால் எனக்கு உலகம் என்பது முன்னால் இருக்கிற இரண்டு முழப் பாவு நூல்தான். அந்த நேரத்தில் யார் பேசினாலும் எனக்கு ஆகாது. கோபம் என் மூக்கு நுனியிலேயே இருக்கும், இது தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

"கடல்ல இன்னா கீது? தண்ணி. நம்ம ஆத்துல இல்லாத தண்ணியா?" என்று இழை ஓட்டுகிற நாடாவை நிறுத்தாமலே கேட்டேன்.

"நம்ம ஆத்துல ஏதுங்க தண்ணி? மணலுதான கெடக்குது."

அது உண்மைதான். எங்கள் கமண்டல நாக நதி வருஷத்தில் பாதி நாளைக்கு மேல் மணலாகத்தான் கிடக்கும். வாய்ச் சண்டையில் தோற்றுப் பழக்கமில்லாதவன் நான். அன்றைக்குத் தோற்றேன்.

அவளுடைய அண்ணன், அதாவது என் மச்சான், பட்டணத்தில் ஒரு சோடாக் கம்பெனியில் வேலையாக இருந்தான். மார்கழிக் கடைசியில் பட்டணத்து வேடிக்கை அமர்க்களமாக இருக்கும், ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்று வருஷா வருஷம் கார்டு போடுவான். அந்த வருஷமும் போட்டிருந்தான். நான் அதைப் படித்துக் காட்டிய அன்றுதான் அவள் கடலைக் கேட்டாள். முடியாது என்று சொல்ல எனக்கு நூறு காரணம் இருந்தது. ஆனாலும் சொல்ல முடியவில்லை. ஏன் என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். இத்தனை வயசுக்கு மேல் எனக்கு என்ன வெட்கம்.

பாவு என்றால் புடவையின் நீளவாட்டு இழைகள். பல புடவைக்கான பாவு வீட்டுக்குள் அடங்காது. விடியற்காலையில் தெருவில் நீட்டி, இரண்டு முனையிலும் முளை அடித்து இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, இழை இழையாகப் பிரித்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டியாக வேண்டும். தெருவே சேர்ந்து செய்கிற வேலை. அதற்கு ஒரு சட்டம் உண்டு: நீட்டிய பாவைத் தாண்டக் கூடாது. எவ்வளவு அவசரமானாலும் முனை வரை நடந்துபோய்ச் சுற்றிக்கொண்டுதான் எதிர்ப்பக்கம் வர வேண்டும். தாண்டினால் தாண்டினவர் வீட்டுப் பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். நாய் குறுக்கே ஓட வந்தால்கூடப் பத்துப் பேர் கல்லெடுத்துக்கொண்டு ஓடுவோம்.

நான்கு வருஷத்துக்கு முன்னால், பனி கொட்டின ஒரு விடியற்காலையில், எங்கள் வீட்டுக்கு எதிரே பாவு நீட்டியிருந்தது. நான் எதிர்ச்சாரியில் இழை பிரித்துக்கொண்டிருந்தேன். மூக்குப்பொடி டப்பாவை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். மூக்கு அரிக்கிறது, சுற்றிப் போக சோம்பல், பனியில் யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரே எட்டில் தாண்டி உள்ளே போய்விட்டேன். தெருக்கோடியிலிருந்து ஒருவர், "யாரோ பாவைத் தாண்டிட்டாங்கடா!" என்று கத்தினார். அதே நேரம் பார்த்து என் மனைவி கஞ்சிப் பானையோடு வாசலுக்கு வந்து பாவுக்குப் பக்கத்தில் நின்றாள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் திருதிருவென்று விழித்தாள். எங்கள் ஆறு மாதக் குழந்தைக்கு இரண்டு நாளாக ஜுரம், அவள் கண் மூடியே இரண்டு நாள் ஆகியிருந்தது. தான் தாண்டினோமா, இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை.

நான் உள்ளே, கையில் பொடி டப்பாவோடு, கதவுக்குப் பின்னால் நின்றேன். ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்கலாம்.

அந்த வாரமே குழந்தை போய்விட்டது. ஜுரம் முன்னாலேயே வந்திருந்ததை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து தெருவில் பாவு நீட்டுகிற நாளெல்லாம் அவள் வெளியே வரக் கூடாது என்று ஆகிவிட்டது. பாவைச் சுருட்டி எடுத்து உள்ளே கொண்டுபோகிற வரை கொல்லையில் உட்கார்ந்திருப்பாள். அவளும் சண்டை போடவில்லை. தன் குழந்தையைத் தானே கொன்றுவிட்டதாக அவள் நம்பினாள். நான் அதைப் பார்த்துக்கொண்டே நான்கு வருஷம் சோறு தின்றேன். அப்படிப்பட்டவன், கடலைக் காட்டு என்று கேட்டவளிடம் எந்த வாயால் மாட்டேன் என்பது?

ஆரணி ரோடு ஸ்டேஷன் வரை மாட்டுவண்டி. அங்கே ரயில். ரயில் எங்கள் பக்கம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தாலும் நாங்கள் ஏறியதில்லை. காட்பாடியில் மாறி ஏறினால் பட்டணம். வண்டி புறப்பட்டு ஓட ஆரம்பித்ததும் நான் இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டேன். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்தாள். தண்டவாளத்தை ஒட்டித் தந்திக் கம்பிகள் கம்பத்துக்குக் கம்பம் இறங்கி ஏறி எங்கள் கூடவே வந்தன. அவை எங்களோடு பட்டணம் வரைக்கும் வரும் என்று எதிரே உட்கார்ந்திருந்தவர் சொன்னார்.

"அம்மாடி! எவ்ளோ நீளத்துக்கு நீட்டிவச்சி கீறாங்க பாருங்க" என்றாள். கொஞ்சம் கழித்து என் பக்கம் சாய்ந்து, மெதுவாக, "ரயிலு எங்கியும் அத்த தாண்டாதில்ல?" என்று கேட்டாள்.

"சும்மா இரு" என்று எரிந்து விழுந்தேன். வேறென்ன செய்ய? அதற்குப் பிறகு காட்பாடி வரை நான் வெளியே பார்க்கவில்லை.

பட்டணத்து ஸ்டேஷனில் இறங்கியபோது முதலில் அண்ணாந்து பார்த்தேன். கூரை எங்கேயோ இருந்தது. எங்கள் தெருவை அப்படியே தூக்கிக்கொண்டுவந்து, வீடு, தறி, மாடு, கன்று எல்லாவற்றையும் உள்ளே வைத்தாலும் இன்னும் இடம் இருக்கும். மச்சான் வந்து என் முதுகில் தட்டி, "இன்னா மாப்ள, இதுக்கே வாயைப் பொளந்துகினு நின்னா எப்பிடி? இன்னும் எவ்ளோ கீது!" என்றான். பட்டணம் முழுவதையும் அவனே கட்டி முடித்தவன் மாதிரி ஒரு தோரணை.

மறுநாள் பூராவும் அவன் எங்களை இழுத்துக்கொண்டு அலைந்தான். முதலில் உயிர் காலேஜ். ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் மிருகங்களைக் கூண்டில் வைத்திருக்கிற இடத்துக்குப் பட்டணத்தார் வைத்த பெயர் அது. புலியை நான் அங்கேதான் பார்த்தேன். எங்கள் ஊர்ப் பக்கம் புலி பார்த்ததாகச் சொல்கிறவர்கள் நிறையப் பேர். அத்தனை பேரும் புளுகர்கள் என்று அன்றைக்குத் தெரிந்தது. பார்த்திருந்தால் அப்படிச் சாதாரணமாகச் சொல்ல வாய் வராது. அது எழுந்து நின்று எங்களைப் பார்த்து ஒரு கொட்டாவி விட்டது, அவ்வளவுதான். நான் மச்சானுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அதன் மேல் இருந்த கோடுகளைப் பார்த்தேன். மஞ்சளில் கறுப்பு, ஒன்றுபோல ஒன்று இல்லை, ஆனாலும் ஒன்றுகூடத் தப்பில்லை. யார் நெய்தது இதை என்று கைகூப்பத் தோன்றியது.

அங்கிருந்து டிராம். மாடும் இல்லை, குதிரையும் இல்லை, புகையும் இல்லை. தலைக்கு மேலே ஒரு கம்பி, அதைத் தொட்டுக்கொண்டு வண்டி தானாக ஓடுகிறது. எப்படி ஓடுகிறது என்று மச்சானைக் கேட்டேன். "அது மின்சாரம் மாப்ள" என்றான். மின்சாரம் என்றால் என்ன என்றேன். "ஜல்தி ஏறு மாப்ள, பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க" என்றான். அவனுக்கும் தெரியாது.

டிராமில் போய் இறங்கியது செத்த காலேஜுக்கு. உயிரில்லாததை எல்லாம் வைத்திருப்பதால் அந்தப் பெயர். அங்கே ஒரு திமிங்கலத்தின் எலும்புக்கூடு. மீன் என்றால் எங்களுக்கு ஏரிக் கெண்டையும் விராலும்தான். இது ஒரு வீட்டுக் கூரையின் கைமரங்களைப் போல விலா எலும்புகளை விரித்துக்கொண்டு தொங்கியது. என் மனைவி தலைமாட்டில் போய் நின்றாள். முழங்கையை நீட்டி முழம் போட ஆரம்பித்தாள். நெசவுக்காரர் வீட்டுப் பழக்கம், எதைக் கண்டாலும் கை தானாக அளக்கும். பாதி வரை போவதற்குள் காவல்காரன், "ஏய், தொடாத!" என்று அதட்டினான். "தொடல, அளக்கறா! கண்ணு தெரியல?" என்று நான் அவனிடம் சண்டைக்குப் போய்விட்டேன். மச்சான் நடுவில் புகுந்து இரண்டு பேரையும் சமாதானம் செய்தான்.

வெளியே வந்ததும் அவள் அண்ணனைக் கேட்டாள்: "இது மொத்தமும் கெடந்து பொரள எடம் வேணுமில்ல? அப்போ கடலு எவ்ளோ பெருசு இருக்கும்ண்ணே?"

"நாளைக்கி நீயே பாத்துக்க. கடைசிக்குன்னு வச்சிருக்கேன்."

அன்று அவள் கேட்ட கேள்வி அது ஒன்றுதான். புலி, டிராம், தோட்டத்தில் சிவப்புச் சட்டைக்காரர்கள் வாசித்த பாண்டு, எல்லாவற்றையும் நன்றாகத்தான் பார்த்தாள். ஆனால் அவள் பார்வை இன்னொன்றுக்காகக் காத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை கடற்கரைக்குப் போனோம். நான் எங்கள் ஊர்ப் பக்கத்துத் திருமலைக் குன்றின் மேல் ஏறி நின்று ஊர்களையும் ஏரிகளையும் பார்த்திருக்கிறேன். அதைவிடத் தூரம் பார்க்க உலகத்தில் இடம் இருக்காது என்று நினைத்தவன். கடலும் ஒரு பெரிய ஏரியாக இருக்கும், அக்கரையில் மங்கலாக மரம் தெரியும் என்றுதான் மனசில் வைத்திருந்தேன்.

சாலையைத் தாண்டி மணல்மேட்டில் ஏறினோம்.

அக்கரை இல்லை.

இதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. எவ்வளவோ பேர் கடலைப் பார்க்கிறார்கள், பார்த்துவிட்டு வேர்க்கடலை தின்கிறார்கள். அன்றைக்கும் அங்கே வெள்ளைக்காரர்கள் குதிரைமேல் போனார்கள், அவர்கள் பிள்ளைகள் மட்டக்குதிரையில் சவாரி செய்தன, சிலர் குடையைப் பிடித்துக்கொண்டு சும்மா நடந்தார்கள். எனக்கு அவர்கள்மேல் கோபம் வந்தது. இதை எதிரில் வைத்துக்கொண்டு எப்படி ஐயா உங்களால் பேச முடிகிறது? அவ்வளவு வெயிலும் அதன்மேல் விழுந்து உடைந்து கண்ணைக் கூச வைத்தது. தூரத்தில் வானமும் தண்ணீரும் சேருகிற இடத்தில் ஒரு கோடு. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு, அப்பழுக்கில்லாமல், நேராக. நான் கைதேர்ந்த நெசவுக்காரன், பெருமைக்காகச் சொல்லவில்லை, ஊரில் கேட்டுப் பாருங்கள். அப்படி ஒரு நேர்கோட்டை என் கை போட்டதில்லை. அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் உட்காரவில்லை. செருப்பில்லாத காலோடு நேராகத் தண்ணீரைப் பார்த்து நடந்தாள். அலை வந்து காலைத் தொட்டதும் "ஐயோ" என்று ஒரு சத்தம், அடுத்தது சிரிப்பு. நான்கு வருஷமாக அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. அலை திரும்பிப் போகும்போது காலடி மணலைப் பறித்துக்கொண்டு போகிறது என்று எனக்குக் கைகாட்டிச் சொன்னாள். அதற்குப் பிறகு கையை இறக்கிக்கொண்டு அந்தக் கோட்டைப் பார்த்தபடி நின்றாள். மச்சான் கூப்பிட்டான். திரும்பவில்லை. "உடுங்க மச்சான்" என்றேன்.

வெகுநேரம் கழித்து மூன்று பேரும் கரையோரமாகத் தெற்கே நடந்தோம். கொஞ்ச தூரத்தில் மீன்பிடிக்கிறவர்களின் குப்பம். அங்கே மணலுக்கு மேலாக ஒரு வடக்கயிறு நீட்டியிருந்தது. முழங்கால் உயரத்தில், விறைப்பாக. பத்துப் பதினைந்து பேர் அதைப் பிடித்துப் பாட்டுச் சொல்லி இழுத்துக்கொண்டிருந்தார்கள். மச்சான் பேச்சை நிறுத்தாமலே அதைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டான்.

நானும் அவளும் நின்றுவிட்டோம். இரண்டு பேருமே, ஒரே நொடியில்.

"வாங்க" என்றான் மச்சான்.

"முனை எங்க கீது? சுத்திக்கினு வர்றோம்" என்றேன்.

"முனையா?"

தண்ணீர்ப் பக்கமாகக் கயிற்றோடு கூடவே நடந்து பார்த்தோம். கயிறு அலைக்குள் இறங்கியது, அலையைக் கடந்தும் போயிற்று, கண்ணுக்கு எட்டிய வரை போயிற்று. "இதோட முனை எங்கப்பா?" என்று இழுத்துக்கொண்டிருந்த ஒருவரைக் கேட்டேன். அவர் ஒரு கையை எடுத்துக் கடலைக் காட்டினார். அதோ, எங்கேயோ உள்ளே, ஒரு கட்டுமரம் புள்ளியாகத் தெரிந்த இடத்தில் வலை இருக்கிறதாம். அதன் ஒரு கை இந்தக் கயிறு. எனக்கு உடம்பு சிலிர்த்தது. முனை கடலுக்குள் இருக்கிற பாவை நான் எங்கே கண்டேன்?

திரும்பிக் குப்பத்துப் பக்கம் போனோம். அங்கே கயிற்றின் மறுமுனையை ஒரு முளையில் சுற்றியிருந்தார்கள். அப்பாடா என்று பார்த்தால், முளைக்கு அப்பால் குடிசை வரைக்கும் வலைகளை விரித்துக் காயப்போட்டிருந்தார்கள். வலையும் நூல்தானே? அதையும் மிதிக்க முடியாது. கடலிலிருந்து குடிசை வரை நூல். வெயில் ஏறிவிட்டது, மணல் சுட்டது. நாங்கள் இரண்டு பேரும் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு திகைத்து நின்றோம். இழுக்கிறவர்கள் பாட்டை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். "பேஜாரா போச்சே உங்களோட! இது கவுறு மாப்ள, பாவு இல்ல!" என்று மச்சான் தலையில் அடித்துக்கொண்டான். பட்டணம் போய் அவனுக்கு நூல் பயம் போய்விட்டது. எங்களுக்குப் போகவில்லை.

அப்போதுதான் குடிசைப் பக்கமிருந்து ஒரு பெண் வந்தாள். தலையில் கூடை, இடுப்பில் கைக்குழந்தை. கயிற்றண்டை வந்தவள் காலைத் தூக்கினாள்.

"தாண்டாதம்மா!" என்று என் மனைவி அலறினாள். "கைக்கொழந்தம்மா! தாண்டாத!"

அந்தப் பெண் ஒரு காலைத் தாண்டிப் போட்டபடி, கயிறு இரண்டு காலுக்கும் நடுவில் இருக்க, அப்படியே நின்றுவிட்டாள். "இன்னாம்மே? இன்னா ஆச்சி?"

"நீட்டி வச்ச நூல தாண்டக் கூடாதும்மா. புள்ளைக்கி ஆவாது. நான் தாண்டிட்டேன். எம் புள்ளைய நானே..." என்றவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

நான்கு வருஷத்தில் அவள் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. வீட்டில் சொல்லவில்லை, கோயிலில் சொல்லவில்லை. பெயர்கூடத் தெரியாத ஒருத்தியிடம் நடுமணலில் நின்று சொன்னாள்.

கூடைக்காரி மற்றக் காலையும் எடுத்து எங்கள் பக்கம் வைத்தாள். கூடையை இறக்கினாள். கேலி செய்யவில்லை. "யக்கா, இங்க பாரு. இந்தக் கவுற நான் ஒரு நாளைக்கி எத்தினி வாட்டி தாண்டறேன்னு எனக்கே தெரியாது. இவன வவுத்துல வச்சிகினு தாண்டியிருக்கேன். இவனுக்கு மூத்தது ரெண்டு, அதுங்களயும் அப்பிடித்தான். தோ, மணல்ல ஆடிகினு இருக்குதுங்க பாரு. நடுவுல ஒன்னு ஜொரத்துல பூட்ச்சி. ஜொரம் கொண்டு போச்சிக்கா. கவுறு இன்னா பண்ணும்? எங்களுக்குப் பயம்னா, அதோ, அதுக்குத்தான்" என்று கடலைக் காட்டினாள். "அது பெருசு. அதுக்குப் பயப்படு. இதுக்குப் போயி..."

என் மனைவி அந்தக் குழந்தையைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள், கடலைப் பார்த்தாள். கடலுக்கு முன்னால் நிற்கும்போது என் பயம் எனக்கே அற்பமாகத் தெரிந்தது. இவ்வளவு பெரியது இங்கே பகல் முழுக்கத் திறந்து கிடக்கிறது. நான் ஒரு பொடி டப்பாவை நான்கு வருஷமாக மறைத்து வைத்துக்கொண்டிருக்கிறேன்.

"தாண்டுனது நீ இல்ல" என்றேன்.

அவள் திரும்பினாள்.

"நான்தான். பொடி எடுக்க. நீ வெளிய வர்றதுக்கு முன்னாடி. கதவுக்குப் பின்னாடி நின்னுகினு எல்லாத்தையும் கேட்டேன். பயந்துட்டேன். சொல்லல."

கயிறு இழுக்கிறவர்களின் பாட்டு திரும்ப ஆரம்பித்திருந்தது. அவள் என்னை அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். எதுவும் செய்யவில்லை. என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். திமிங்கலத்து எலும்பை அளந்தபோது பார்த்த மாதிரி, இது எத்தனை முழம் என்று பார்க்கிற பார்வை. அப்புறம் புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கயிற்றைத் தாண்டினாள். அந்தப் பக்கம் நின்று, திரும்ப இந்தப் பக்கம் தாண்டினாள். மறுபடியும் அந்தப் பக்கம் தாண்டினாள். எதுவும் ஆகவில்லை. அலை வந்தது, போயிற்று.

நான் ஒரு காலைத் தூக்கினேன். போகவில்லை. உண்மையைச் சொல்கிறேன், என் கால் அந்தக் கயிற்றுக்கு மேல் போகவில்லை. பனியில் யாரும் பார்க்காதபோது தாண்டிய அதே கால்.

அவள் அந்தப் பக்கத்திலிருந்து சொன்னாள்: "நீங்க சுத்தி வாங்க."

சொல்லிவிட்டு அண்ணனோடு தண்ணீரைப் பார்த்து நடந்துவிட்டாள்.

சுற்றி வர வழி ஏது? கயிறு முழுவதையும் இழுத்து முடிக்கிற வரை நான் அங்கேயே நின்றேன். மணல் காலைப் பொசுக்கியது. கடைசியில் சும்மா நிற்க வெட்கமாகி, ஆட்களோடு சேர்ந்து நானும் கயிற்றைப் பிடித்தேன். அப்போதுதான் அது தெரிந்தது. கயிற்றின் வழியாகக் கடல் என் கையை இழுத்தது. பாவு நூலில் தறியின் அசைவு விரலுக்குத் தெரியும் பாருங்கள், அந்த மாதிரி, ஆனால் எத்தனையோ மடங்கு பெரிசாக. மறுமுனையில் ஏதோ ஒன்று உயிரோடு கனத்தது. உச்சி வெயிலில் வலை கரைக்கு வந்தது. ஆயிரமாயிரம் மீன். வெள்ளிச் சரிகையைக் குவியலாகக் கொட்டி, அந்தக் குவியல் துள்ளினால் எப்படி இருக்கும்? வாழ்க்கை முழுக்கச் சரிகையோடு புழங்கினவன், சரிகையில் அவ்வளவு வெளிச்சத்தை நான் கண்டதில்லை. கடவுளே என்று வாய்விட்டுச் சொன்னேன். பக்கத்திலிருந்தவர், "இன்னிக்கி கம்மி" என்றார்.

கயிறு சுருண்டு, மணல் வெறுமையானதும் நடந்து அந்தப் பக்கம் போனேன். அவள் ஈர மணலில் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எங்கிட்ட சொன்னது பத்தாது" என்றாள், கடலைப் பார்த்தபடியே. "தெருவுல சொல்லணும். பாவு நீட்டியிருக்கற அன்னிக்கி, எல்லாரும் இருக்கறப்ப."

"சொல்றேன்."

"கொழந்தய நீங்க கொன்னீங்கன்னு நான் சொல்லல. அது ஜொரந்தான். எனக்கு இப்ப தெரியுது. ஆனா நாலு வருஷம், அது ஜொரம் இல்ல. அது நீங்க."

எனக்கு அழுகை வந்தது. அவள் தடுக்கவில்லை.

ஊர் திரும்பிய பின் முதல் பாவு தைப்பொங்கல் கழிந்து நீட்டப்பட்டது. தெருவே கூடி நின்றது. நான் முளையண்டை போய் நின்று, யார் முகத்தையும் பார்க்காமல், ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். நான்கு வருஷத்துக்கு முன்னால் தெருக்கோடியிலிருந்து கத்தினவர்தான் முதலில் பேசினார். "அப்போ வெளிய நிக்கக் கூடாதவன் நீதான்" என்றார். ஒருவரும் மறுக்கவில்லை. மறுக்க என்ன இருக்கிறது? நான் வீட்டுக்குள் போனேன். வாசலில் அவள் கஞ்சிப் பானையை எடுத்துக்கொண்டு எதிரே வந்தாள். எனக்கு வழிவிட்டு ஒதுங்கி, பின்பு வெளியே போனாள். யாரோ ஒரு பெண், "இப்பிடி வாக்கா, இந்தப் பக்கம் தடவு" என்று அவளைக் கூப்பிட்டது கேட்டது.

நான் கொல்லையில் அவள் உட்காருகிற கல்லின் மேல் உட்கார்ந்தேன். தெருவில் பேச்சும் சிரிப்பும் கேட்டன, கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. எதிரே இரண்டு எட்டில் பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டகையின் மண்சுவர். அண்ணாந்தால் அதற்கு மேலே கூரைத் தாழ்வாரம். பார்க்க வேறு எதுவும் இல்லை. வெயில் ஏறி, பாவைச் சுருட்டுகிற வரை அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்மலும் புடவையும் விட்டுவிட்டு என் மனைவி ஏன் கடலைக் கேட்டாள் என்று அங்கேதான் எனக்கு விளங்கியது.